கேம் கடைப் பலகையின் பின்வரிசை

பழைய டிஸ்டெம்பர்ப் பூச்சில் ஈரத் துணி பட்டால் ஒரு மணம் எழும். நனைந்த சுண்ணாம்பும் பசையும் கலந்த மணம். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை என் கடையின் பின்னறையில் அது எழுந்தது. அந்த நேரம் உன்னை நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் பொய். தரை ஓடு ஏற்றிய லொறி இன்னும் வரவில்லையென்று கொழும்புக்காரன் ஒருவனைத் தொலைபேசியில் ஏசிக்கொண்டிருந்தேன். உனக்குத் தெரிந்த நான்தான், பெரிதாக மாறவில்லை.

பின்னறைத் தடுப்பைக் கழற்ற வந்த மேசன் உள்ளேயிருந்து கூப்பிட்டார். "முதலாளி, இந்தப் பலகையில ஆக்களுக்குப் பின்னால, வெள்ளைக்குள்ள இன்னொரு படம் கிடக்கு. துடைக்கத் துடைக்க வருது."

போய்ப் பார்த்தேன். நம்முடைய பழைய கேம் கடைப் பலகை. கடையை மூடிய பிறகு அதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, சிமெந்து மூட்டைகளுக்குத் தடுப்பாக வைத்தவன் நானேதான். பலகை உக்கிவிட்டதா என்று பார்க்க மேசன் ஈரத் துணியால் துடைத்திருக்கிறார். டிஸ்டெம்பர் கரைந்து வழிந்த இடத்தில் கடல் நீலம் ஒரு கை அகலத்துக்குத் தெரிந்தது. நீ பூசிய நீலம். ஒரு மங்கல் இல்லை.

மேசனை அன்றைக்குப் போகச் சொன்னேன். ஒரு சிமெந்து மூட்டையில் உட்கார்ந்து மிச்சத்தை நானே துடைத்தேன். பின்னேரம் வரைக்கும் துடைத்தேன். கடையில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று பார்க்கவில்லை.

இந்தப் பலகையில் நான் கண்டுபிடிக்காத ஓர் ஆள் நிற்கிறான் என்று நீ சொல்லியிருந்தாய். அவனைக் கண்டுபிடித்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நீ இருந்தபோது அதற்கு எனக்கு வாய் வரவில்லை.

நாம் பழகத் தொடங்கியது இறங்குதுறைக்குப் போகும் ஒழுங்கையில். மூன்று தொலைக்காட்சிப் பெட்டி, மூன்று கேம் பெட்டி, ஒரு ஜெனரேற்றர். அவ்வளவுதான் என் முதல். ஏன் அந்த இடத்தைப் பிடித்தேன் என்று நீ கேட்டாய். உனக்கு உண்மையைச் சொன்னேன். குடாவைக் கடந்து மூதூருக்குப் போகிற லோஞ்ச் படகு எப்போது வெளிக்கிடும், எப்போது நிற்கும் என்று ஒருவருக்கும் தெரியாத காலம் அது. கடலில் ஏதாவது நடந்தால் லோஞ்ச் இல்லை. தரையில் ஏதாவது நடந்தாலும் லோஞ்ச் இல்லை. சனம் காத்துக்கொண்டிருக்கும். காத்திருக்கிறவனுக்கு ஏதாவது ஒன்று வேண்டும். நான் அந்த ஒன்றை வைத்தேன். போர் எனக்கு வாடிக்கையாளர்களைக் கொண்டுவந்து தந்தது என்று சொன்னேன். நீ சிரிக்கவில்லை. "நீ நல்லா வருவாய் மச்சான்" என்று மட்டும் சொன்னாய். அது பாராட்டா என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

நீ சாம்பல்தீவுக் கரையில் வள்ளங்களுக்குப் பெயரும் இலக்கமும் எழுதுகிறவன். கட்டண அட்டை ஒன்று எழுதித்தரச் சொல்லித்தான் உன்னைக் கூப்பிட்டேன். எழுதி முடித்துத் தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு, "ஒருக்கா அடிச்சுப் பாக்கட்டோ?" என்று உட்கார்ந்தாய். பிறகு கடலுக்கு வள்ளம் போகாத நாளெல்லாம் நீ என் கடையில்தான் இருந்தாய். அந்த நாட்கள் நிறைய.

விளையாட்டில் உன்னை மாதிரி மோசமான ஆளை நான் கண்டதில்லை. நான் எப்போதும் அந்தத் தடியன் மல்லனை எடுத்து, குந்தியிருந்து காலுக்கே உதைப்பேன். ஒரே உதை. வேறொன்றும் பழகவில்லை, தேவையும் இல்லை.

"டேய், இது விளையாட்டோ? தும்புத்தடியால கூட்டுற மாதிரிக் கிடக்கு."

"வெண்டனானோ இல்லையோ?"

"வெல்லுறதுக்கே வந்தனாங்கள்?"

நீ தோற்றதற்குக் காரணம் உன் கை மட்டும் இல்லை. உன் கண் சண்டையில் இருக்காது. இரண்டு பேர் முன்னால் அடிபட்டுக்கொண்டிருக்க, நீ பின்னால் படமாகக் கீறியிருக்கிற சந்தையையும் மதிலையும் வேடிக்கை பார்க்கிற சனத்தையும் பார்த்துக்கொண்டிருப்பாய். கீறுகிறவன் கண் அப்படித்தான் போகும்போல. அப்படி ஒருநாள் நீ விளையாட்டை அந்தரத்தில் நிறுத்திவிட்டுத் திரைக்குக் கிட்டப் போய் விரலை வைத்தாய்.

"மச்சான், இஞ்ச பார். இந்தச் சனத்துக்க நிக்கிறவன் ஆர்?"

பார்த்தேன். நாம் 'பனைமரம்' என்று பெயர் வைத்திருந்த நெட்டையன். வேறொரு சிடித் தட்டில் முன்னால் நின்று சண்டை பிடிக்கிறவன். இந்தத் தட்டில் அவனுக்கு ஒரு வேலையும் இல்லை. பின்னால் சனத்தோடு சனமாக நின்று எதையோ வாங்கித் தின்றுகொண்டிருந்தான். இரண்டு கையையும் தட்டினான். மறுபடியும் தின்றான்.

எனக்கு அது பெரிய விசயமாகப் படவில்லை. கம்பனிக்காரன் கீறிய படத்தையே திரும்பப் பாவிக்கிறான், மிச்சம் பிடிக்கிறான் என்றேன். உனக்குக் கோபம் வந்தது.

"இல்லையடா. அந்தக் கதையில இவன் தோத்துப்போனவன். அதுக்குப் பிறகு இவனுக்கு என்ன நடந்ததெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. இப்ப தெரியுது பார். இருக்கிறான். சாப்பிடுறான்."

அன்றிலிருந்துதான் நம் வழக்கம் தொடங்கியது. புதுத் தட்டு வந்தால் முதலில் சண்டை இல்லை. பின்வரிசையைத் தேடுவது. ஒரு தட்டின் ஆள் இன்னொரு தட்டின் கூட்டத்தில் நிற்பதை முதலில் காண்கிறவன் "கண்டன்!" என்று கத்த வேண்டும். மற்றவன் போய் தேத்தண்ணி விற்கிற முன்கடை நானாவிடம் பிளேன்ரீயும் வாய்ப்பனும் வாங்கிவர வேண்டும். எத்தனை தரம் போனது நான்! நீ கண்ட ஆட்களை உன் வள்ள இலக்கக் கொப்பியின் பின்பக்கத்தில் சின்னச் சின்னதாகக் கீறி வைத்தாய். யார், எந்தத் தட்டில், எந்த மதிலோரம். காசுக்காகச் செய்யாத வேலையை ஒருவன் அவ்வளவு கவனமாகச் செய்வதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு அந்தத் தட்டு வந்தது. இரண்டு கம்பனிகளின் ஆட்களும் ஒன்றாக நிற்கிற தட்டு. ஒரு கம்பனி வளர்த்த ஆள் மற்றக் கம்பனியின் வாசலையும் மிதிக்காத உலகம் அது. நாமும் 'அந்த வீட்டார்', 'இந்த வீட்டார்' என்றுதான் சொல்வோம். பனைமரம் மோதினால் மற்ற வீட்டுக் கொண்டைக்காரி வெல்வாளா என்று பெடியள் கடைக்குள் அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு வீட்டாரையும் ஒரே தட்டில் போட்டிருக்கிறானாம் என்று கேள்விப்பட்டவுடன் கொழும்புக்கு ஓடினேன். திரும்பி வரும்போது கப்பல்துறைச் சோதனைச்சாவடியில் பஸ்ஸை நிறுத்தி இறக்கினார்கள். என் பையைக் கிளறிய காவல்காரன் தட்டைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தான்.

"இது என்ன? படம்?"

"கேம், சார்."

"என்ன கேம்?"

"ஆக்கள் அடிபடுறது, சார்."

அவன் என்னைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான், தட்டைத் திருப்பித் தந்தான். "இதுக்குக் காசு குடுக்கிறதா?" என்றான். அந்தக் கதையை நீ எத்தனை பேருக்குச் சொல்லிச் சிரித்தாய்!

தட்டைப் போட்டோம். இரண்டு வீட்டாரும் ஒரே வரிசையில் வந்து நின்றார்கள். நீ கதிரையைவிட்டு எழும்பிவிட்டாய். "பேசாமல் இருந்த ரெண்டு குடும்பம் கலியாணப் பந்தலுக்கு வந்த மாதிரி நிக்கினம், பாரன். ஆர் போய்க் கூட்டிக்கொண்டு வந்ததோ!" அதில் ஒரு சண்டை துறைமுகத்தில் நடக்கும். எந்த நாட்டுத் துறைமுகமோ. பாரந்தூக்கி, கப்பல், மழை. நான் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னேன், "உதைவிட எங்கட துறைமுகம் வடிவு."

அந்த ஒரு வசனத்தில்தான் எல்லாம் தொடங்கியது. என் வாயிலிருந்து வந்த வசனம்.

கடைக்குப் பெரிய பலகை வேண்டும் என்று முடிவெடுத்தேன். இரண்டு வீட்டாரும் நம்முடைய இறங்குதுறையில் வந்து நிற்கிற மாதிரி. லோஞ்சுக்கு வருகிற சனம் தூரத்திலேயே பார்க்க வேண்டும். எட்டடிப் பலகை வாங்கிக் கடையின் பின்வளவில் நிறுத்தினோம். அங்கிருந்து பார்த்தால் குடாவும் அக்கரையும் தெரியும். உனக்கு எனாமல் டின்னைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். நீ முன்னால் பன்னிரண்டு சண்டைக்காரரைக் கீறினாய். எனக்கு அதுவே போதும். உனக்குப் போதவில்லை. பின்னால் சனத்தைக் கீறத் தொடங்கினாய். லோஞ்ச் ரிக்கற் கொடுக்கிறவரும் அவருடைய கிழிந்த குடையும். சல்லியிலிருந்து மீன் கொண்டுவருகிற அக்கா. முன்கடை நானா. ஊருக்குள் திரிந்து, கடைவாசலில் வந்து கடதாசி தின்கிற அந்த ஒற்றைக்கொம்பு மான். ஒவ்வொன்றும் பெருவிரல் நகத்தளவு. "இவையும் வரட்டும். அவங்கட ஆக்கள் எங்கட சனத்துக்க நிக்கலாம் எண்டா, எங்கட சனம் அவங்கட சண்டைக்க நிக்கக் கூடாதோ?" என்றாய்.

கடலைப் பூசி மலையையும் வைத்துவிட்டு நீ நின்றாய்.

"மச்சான், கப்பலையும் வைக்கிறதோ?"

நான் டின்னை இடக்கைக்கு மாற்றி, வலக்கையை நீட்டிக் காட்டினேன். "ஓம், அந்தா நிக்கிறதை அப்பிடியே வை. கப்பல் இல்லாட்டி உது என்ன துறைமுகம்? அங்கால அந்த எண்ணெய்த் தாங்கியளையும் போடு."

"உதைக் கீறினாப் பிழை வரும் எண்டு நினைக்கிறன்."

"கேம் கடைப் பலகையை ஆரடா வந்து பாக்கப்போறான்? நீ கீறு."

நீ கீறினாய். படம் எடுக்கவே விடாத துறைமுகத்தை, நின்ற கப்பல்களோடும் தாங்கிகளோடும், வீதியைப் பார்த்து எட்டடிக்குக் கீறித் தொங்கவிட்டோம். அதைப் பெரிய கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். முடிந்த அன்று நீ சொன்னாய், "உதுக்க ஒருத்தன் நிக்கிறான். நீ இன்னும் காணேல்லை. தேடு." நான் தேடினேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கிடைக்கவில்லை. நீ வாய்ப்பனைக் கடித்துக்கொண்டு சிரித்தாய்.

மூன்று கிழமைதான் அது தொங்கியது.

ஒரு முற்பகல் வந்தார்கள். இரண்டு பேர் சீருடையில், ஒருவர் மொழிபெயர்க்க. கடைக்குள் பெடியள் மூன்று பெட்டியிலும் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எழும்பி ஓடிய பிறகும் பெட்டிகள் தாங்களாகவே சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. சீருடைக்காரரில் பெரியவர் பலகையை நெடுநேரம் பார்த்தார். சண்டைக்காரரைப் பார்க்கவில்லை. உன்னைப்போல அவரும் பின்னால்தான் பார்த்தார்.

"இதை ஆர் கீறினது?"

உன் பெயரைச் சொன்னேன். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஊருக்கே உன் கை தெரியும்.

"துறைமுகத்தைக் கீறச் சொன்னது ஆர்?"

இதற்குத்தான் நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. உன்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் என் தலை நன்றாகவே வேலை செய்தது. நான்தான் என்றால் இரண்டு பேரும் போவோம், கடையும் போகும். இல்லையென்றால் நீ மட்டும் போவாய். மூச்சு விடுகிற நேரத்துக்குள் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டேன்.

"பலகை ஒண்டு கேட்டனான், சார். என்ன கீறுறதெண்டது அவன்ர விருப்பம். கப்பலைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது."

பலகையைக் கழற்றி ஏற்றினார்கள். உன்னைச் சாம்பல்தீவுக் கரையில் வைத்து ஏற்றினார்கள். அப்போது நீ ஒரு வள்ளத்துக்கு இலக்கம் எழுதிக்கொண்டிருந்தாயாம். பாதி இலக்கத்தோடு அந்த வள்ளம் கரையிலேயே கிடந்தது. இலக்கம் இல்லாமல் கடலுக்கு விடமாட்டார்கள்.

மூன்றாம் நாள் உன் அக்கா வந்தார். கடைக்குள் காலெடுத்து வைத்ததே அதுதான் முதல் தரம்.

"தம்பி, பலகையில இருக்கிற சனம் ஆரெண்டு கேக்கினமாம். எல்லாம் ஆட்டத்துக்க இருக்கிற ஆக்கள் எண்டு இவன் சொல்லுறானாம். ஒரு ஆட்டத்து ஆள் இன்னொரு ஆட்டத்துக்கை வந்து நிக்கிறது வழக்கமாம். அந்த ஆட்டத்தைக் கொண்டுவந்து காட்டினா நம்பலாம் எண்டு ஒருத்தர் சொன்னவராம். ஒருக்கா வாங்கோ."

"ஏலாது அக்கா. கடையை விட்டிட்டு எப்பிடி..."

கடை பூட்டிக் கிடந்தது. பெட்டிகளுக்குத் துணி போர்த்தியிருந்தது. அக்கா அந்தத் துணிகளைப் பார்த்தார்.

"அப்ப பெட்டியைத் தாங்கோ. நான் கொண்டுபோறன்."

கேம் பெட்டியையும் நான்கு தட்டுகளையும் மாச் சாக்கில் சுற்றிக் கொடுத்தேன். வயர் குத்துவதைச் சொல்லிக் கொடுத்தேன். உன் அக்கா அதை மனப்பாடம் செய்தபடி படி இறங்கினார். "மஞ்சள் மஞ்சளுக்க. வெள்ளை வெள்ளைக்க. சிவப்பு சும்மா தொங்கட்டும்." ஒழுங்கை திரும்பும்வரைக்கும் அந்த வாய் அசைந்துகொண்டிருந்தது. நான் கதவைச் சாத்தினேன்.

அங்கே நடந்ததை அக்காதான் பிறகு சொன்னார். வயரைக் குத்த அவருக்கு வேலையே வரவில்லையாம். அங்கிருந்த ஓர் அதிகாரி தானே வாங்கிக் குத்தினாராம். "என்ர மகனும் உதுதான் விளையாடுறவன்" என்றாராம். உன்னைக் கூட்டிவந்து இருத்தி, காட்டு என்றார்களாம். நீ காட்டினாயாம். இந்தச் சந்தையில் தின்றுகொண்டு நிற்கிறவன் அந்தத் தட்டில் சண்டைக்காரன், இந்த மதிலில் இருக்கிறவள் மற்ற வீட்டுக்காரி என்று ஒவ்வொருவராக. பிறகு பலகையில் விரல் வைத்துக் கேட்டார்களாம். குடைக்காரர் யார்? எந்தத் தட்டு? நீ உடனே ஒரு பெயர் சொன்னாயாம். இந்த மீன்காரி? "அவ கூடையால அடிப்பா, சார். கிட்டப் போக ஏலாது." அதிகாரி சிரித்துவிட்டாராம். கப்பலைப் பற்றி மட்டும் அவர்கள் சிரிக்கவில்லை. அதற்காக உன்னை மேலும் எட்டு நாள் வைத்திருந்தார்கள்.

பதினோராம் நாள் உன்னையும் பலகையையும் விட்டார்கள். நீ வீட்டுக்குப் போனாய். பலகை என் கடைக்கு வந்தது. அன்று பின்னேரமே வீட்டுக்கு அடித்து மிஞ்சியிருந்த டிஸ்டெம்பரை எடுத்துவந்து, கடல், மலை, கப்பல், இறங்குதுறை, சனம் எல்லாவற்றின் மேலும் இழுத்து அடித்தேன். பன்னிரண்டு சண்டைக்காரர் மட்டும் வெள்ளைக்குள் நின்றார்கள். நிலமும் இல்லை, நீரும் இல்லை.

மற்ற நாள் காலை நீ வந்தாய். மெலிந்திருந்தாய். வாசலில் நின்று பலகையைப் பார்த்தாய்.

"டிஸ்டெம்பரே அடிச்சனீ?"

"ஓம். வீட்டில கிடந்தது."

"எனாமலுக்கு மேல அது நிக்காது."

அவ்வளவுதான் சொன்னாய். உள்ளே வந்து உட்கார்ந்தாய். நான் தட்டைப் போட்டேன். நான் வழக்கம்போலக் குந்தியிருந்து உதைத்தேன், நீ வழக்கம்போலத் தோற்றாய். ஆனால் இந்த முறை உன் கண் பின்வரிசைக்குப் போகவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"என்ன கேட்டவங்கள்?" என்றேன்.

"ஆர் ஆரெண்டு கேட்டவங்கள்."

"நீ?"

"எல்லாரும் கேம்காரர் எண்டு சொன்னனான்."

"எல்லாருமோ?"

"ஓம். எல்லாரும்."

நீ கேட்பாய் என்று காத்துக்கொண்டிருந்தேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று. நான் சொன்னதை அவர்கள் உன்னிடம் சொல்லாமல் விட்டிருக்கமாட்டார்கள். நீ கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன், அல்லது அழுதிருப்பேன், அல்லது இரண்டும். நீ கேட்கவில்லை. பிளேன்ரீ குடித்தாய். போய் அந்தப் பாதி இலக்கத்தை எழுதி முடித்தாய்.

அடுத்த வருடம் கட்டாருக்குப் போனாய். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிற வேலை, பிறகு அதுவும் மெசினுக்கு மாற, கட்டிடங்களுக்குப் பெயின்ற் அடிக்கிற வேலை. வருடத்துக்கு ஒருமுறை, இரண்டுமுறை கதைத்தோம். "கடை எப்பிடி?" "போகுது. அங்க வெயில் எப்பிடி?" "கிடக்கு." நான் கேம் கடையை மூடி, சிமெந்து விற்றேன். பிறகு தரை ஓடு. சண்டை முடிந்து எல்லாரும் வீடு கட்டத் தொடங்கியபோது என் கையில் சாமான் இருந்தது. நல்லாகத்தான் வந்தேன், நீ சொன்ன மாதிரி. மகள் ஒரு நாட்டில், மகன் ஒரு நாட்டில். மனைவி இறந்து நான்கு வருடம். மூன்று மாடிக் கடையில் ஆறு மணிக்குப் பிறகு நான் மட்டும். பழைய பெட்டி ஒன்று கிடைத்தது என்று வாங்கிவந்து குத்தினேன் ஒருநாள். இரண்டாவது ஆளின் கைப்பிடியை மேசையில் வைத்துவிட்டு விளையாடினேன். எதிரே நின்றவன் அசையாமல் நின்றான். நான் உதைத்தேன். விழுந்தான். எழும்பி, மறுபடியும் அசையாமல் நின்றான். நிறுத்திவிட்டேன்.

போன மாசியில் அக்கா தொலைபேசி எடுத்தார். நித்திரையிலேயே போய்விட்டாயாம். உன்னைச் சுமந்த பெட்டி கட்டாரிலிருந்து வந்து சேர ஒன்பது நாள். சாம்பல்தீவில் சனம் நிறைந்திருந்தது. நான் முன்னுக்கு வரவில்லை. வேலியோரம், கடைசி வரிசையில் நின்றேன். யாரோ சோடா தந்தார்கள். குடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். துடைக்கத் துடைக்கச் சனம் ஒவ்வொருவராக வந்தார்கள். குடைக்காரர் இப்போது உயிரோடு இல்லை. நானாவும் இல்லை. மான் இருந்தது. இறங்குதுறையின் ஓரத்தில், கடைசியாக, இரண்டு பேர். முகம் இல்லை, நமக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து நிற்கிறார்கள். ஒருவன் காதில் தூரிகை. மற்றவனுக்கு உச்சந்தலையில் வட்டமாக மயிர் உதிர்ந்திருக்கிறது. நீ 'வட்டமேசை' என்று பகிடி பண்ணுவாயே, அதே வட்டம். பலகை தொங்கிய காலத்தில் முகம் முகமாகத் தேடினேன். என் பின்மண்டையை நான் எங்கே பார்த்தேன், அடையாளம் பிடிக்க?

"கண்டன்!" என்றேன். பின்னறையில் சத்தமாகவே சொன்னேன். பிளேன்ரீக்குப் போக ஆள் இல்லை.

பிறகுதான் அந்த வட்டத்தலையனின் கைகளைப் பார்த்தேன். இடக்கையில் டின். வலக்கை நீட்டியிருக்கிறது. விரல் நேராகக் கப்பலைக் காட்டுகிறது.

பதினொரு நாள் அந்தப் பலகை உனக்கு முன்னால் இருந்தது. ஒவ்வொருவராக யார் யார் என்று கேட்டார்கள். இந்த இரண்டு பேரிலும் அவர்களுடைய விரல் பட்டிருக்கும். கீறச் சொன்னது யார் என்பதற்கு உன்னிடம் வாய்ச்சாட்சி தேவைப்படவில்லை. நீ அந்த இடத்தைத் தொட்டுக் காட்டியிருந்தால் போதும். நான் உன்னைப் பற்றி என்ன சொன்னேன் என்று தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகும், நீ சொல்லியிருக்கிறாய். எல்லாரும் கேம்காரர் என்று.

மூன்று நாள் யோசித்துவிட்டு அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். வந்தார். தடியூன்றித்தான் நடக்கிறார் இப்போது. கதிரை போட்டுக் கொடுத்தேன். பலகைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோய், முன்னால் நிற்கிற பன்னிரண்டு பேரையும் தாண்டிப் பார்த்தார். உங்கள் வீட்டுக் கண்.

"இவன் தன்னைக் கீறேல்லையோ?"

தூரிகைக்காரனைக் காட்டினேன். நெடுநேரம் விரலால் தடவினார்.

"பக்கத்தில டின்னோட நிக்கிறது ஆர், தம்பி?"

"நான் அக்கா. கப்பலைக் கீறச் சொன்னது நான்தான். கேட்டபோது தெரியாதெண்டு சொல்லிப்போட்டன்."

 அக்கா பலகையைப் பார்க்கவில்லை. என் தலையின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார். "அச்சொட்டாக் கீறியிருக்கிறான்" என்றார். பிறகு தடியை எடுத்துக்கொண்டு எழும்பினார். தேத்தண்ணி போடச் சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டுப் போனார். போனவர் இதுவரை தொலைபேசி எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

பலகையைக் கடையின் முன்பக்கம் தொங்கவிட்டிருக்கிறேன். தரை ஓடு வாங்க வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். அந்தக் காலத்தில் என் கடையில் விளையாடிய பெடியள், இப்போது வயிறு வைத்த மனிதர்கள், சண்டைக்காரரின் பெயர்களைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நான் அவர்களைப் பின்னால் பார்க்கச் சொல்கிறேன். எனக்கு அந்தப் பழக்கம் உன்னால் வந்தது, போகவில்லை. கலியாண வீடியோவிலும் செய்தியிலும் நான் முன்னால் நிற்கிறவரைப் பார்ப்பதில்லை. காதில் தூரிகை செருகிய ஒருவன் பின்னால் நின்று எதையாவது தின்றுகொண்டிருப்பான் என்று கண் போகிறது.

பலகையைப் பார்க்கிறவர்களில் நான்கு பேருக்கு ஒருவர் அந்த இடத்துக்கு வந்துவிடுகிறார். "உந்தக் கப்பலைக் காட்டிக்கொண்டு நிக்கிறது ஆர்?" என்று கேட்கிறார்.

"நான்" என்கிறேன். பிறகு ஏன் காட்டினேன், கேட்டபோது என்ன சொன்னேன் என்பதையும் சொல்கிறேன்.